கட்டுப் பிரித்த பிறகு

ஓடியாடும் பருவத்தில் விழுவதும் எழுவதும் இயல்பே. விளையாட்டு விழாவுக்கான பயிற்சி தொடங்கிவிட்டால் கையிலோ காலிலோ கட்டோடு வகுப்பில் வந்து அமரும் தோழியரைக் காண்கிறோம். குற்றாலத்துப் பாறையில் வழுக்கியவர், குறுக்குத்துறைப் படியில் கால் இடறியவர், சைக்கிளிலிருந்து விழுந்தவர் என நம் ஊரில் இதற்குக் காரணங்கள் பல. பனையேறும் தந்தையர் உள்ள இல்லங்களில் இந்த அச்சம் அன்றாடம் உண்டு.

அடிபட்ட அன்று வீடே பதறுகிறது. கட்டுப் பிரித்த அன்றோ, "எல்லாம் சரியாகிவிட்டது" என்று அனைவரும் மறந்துவிடுகிறோம். உண்மையில் நம்முடைய வேலை அன்றுதான் தொடங்குகிறது. எலும்பை நேர்செய்து வைப்பவர் மருத்துவர். அதை ஒட்டவைப்பது இறைவன் நம் உடலில் அமைத்துள்ள ஆற்றல். அந்தக் கையையும் காலையும் மீண்டும் பயன்படச் செய்வது நம் முயற்சி. இந்த மூன்றாவது பங்கு எத்துணை இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எலும்பு எவ்வாறு ஒட்டுகிறது?

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. எலும்பு என்பது உயிரற்ற கல் அன்று. அதற்குள் இரத்தம் ஓடுகிறது, உயிரணுக்கள் வாழ்கின்றன. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கசிந்து உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அங்கே மென்மையான இணைப்புத் திசு உருவாகி இரு முனைகளையும் பற்றிக்கொள்கிறது. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டியாகிறது. அதன் பிறகும் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் வரை, உடல் அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. தோலில் காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்போ புது எலும்பாலேயே கூடிவிடுகிறது. இது படைப்பின் விந்தைகளுள் ஒன்று.

சிறுமியின் மணிக்கட்டு எலும்பு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் கூடிவிடும். பெரியவர்களின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு கூட 3, 4 மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதத்தில் சரியாயிற்றே என்று பாட்டியின் காலை ஒப்பிட்டு வருந்துதல் தகாது.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபடுவதையே சுளுக்கு என்கிறோம். சுளுக்கிய உடனே எண்ணெய் தடவி உருவிவிடுவது நம் பக்கத்து வழக்கம். முதல் இரண்டு மூன்று நாட்கள் உருவுதலும் சூடான ஒத்தடமும் வீக்கத்தை மிகுதியாக்கும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு வேளைக்கு 15 நிமிட அளவில் ஒற்றியெடுத்து, அடிபட்ட உறுப்பை உயர்த்தி வைத்து ஓய்வு தருவதே நல்லது. ஊன்ற முடியாத வலி, கோணல், மிகுந்த வீக்கம் ஆகியவை இருந்தால் அசைக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எலும்பு முறிந்துள்ளதா என்பதை எக்ஸ்ரே படம் காட்டிவிடும்.

மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவரை இருவர் கைகால் பிடித்துத் தூக்குவது பெருந்தவறு. முதுகெலும்பு முறிந்திருந்தால், அந்தத் தூக்குதலே உள்ளிருக்கும் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். 108 வண்டியை அழைத்து, அது வரும்வரை கழுத்தையும் முதுகையும் அசையாமல் காக்க வேண்டும். தூக்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், பலர் சேர்ந்து உடலை ஒரே நேராகப் பலகையில் கிடத்திக் கொண்டுசெல்ல வேண்டும்.

கட்டு இறுகினால்

மாவுக்கட்டு முறையை 1852-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் மத்தைசன் என்ற டச்சுப் படை மருத்துவர். எண்ணற்ற கைகால்களைக் காத்த முறை அது. எனினும் மாவுக்கட்டோ, நாட்டு வைத்தியர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் கட்டோ, எதுவாயினும் இறுகிவிட்டால் இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திலேயே தசை மடியத் தொடங்கும். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் இந்தக் கேட்டை 1881-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் விளக்கினார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இன்றும் பிள்ளைகளின் கைகள் இவ்வாறு கெடுகின்றன.

கட்டுப் போட்ட பின் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, விரல்கள் வெளுப்பது அல்லது நீலமாவது, குளிர்ந்து மரத்துப் போவது, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி எடுப்பது ஆகிய அறிகுறிகளை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். "கட்டு என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று இரவு முழுதும் பிள்ளையை அடக்கிவைப்பது பொறுமை ஆகாது. அந்த இரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டுப் பிரித்த பிறகு

பல வாரம் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் கை மெலிந்து, தோல் வறண்டு, முழங்கை மடங்காமல் இருக்கும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வேலை செய்யாத தசை விரைவில் மெலியும். அசையாத மூட்டு இறுகும். மூட்டின் முனையிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்களே இல்லை. மூட்டுக்குள் சுரக்கும் வழுவழுப்பான நீரிலிருந்தே அது சத்துப் பெறுகிறது. அசையும்போதுதான் அந்நீர் எங்கும் பரவுகிறது. எனவே அசைவே மூட்டுக்கு உணவு எனலாம்.

பயிற்சியில் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. முதலாவது, கட்டு இருக்கும்போதே வெளியே தெரியும் விரல்களை மருத்துவர் சொல்லியபடி மடக்கி நீட்டி வர வேண்டும். இரண்டாவது, கட்டுப் பிரித்த பின் சிறிது சிறிதாக, நாளுக்குப் பல முறை, நாமே அசைக்க வேண்டும். பிறர் பிடித்து வலிய இழுத்து மடக்கக் கூடாது. அடிபட்ட முழங்கையை உருவி இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டுப் பூட்டிக்கொள்வதும் உண்டு. மூன்றாவது, சிறிது வலித்தால் நிறுத்திவிட வேண்டியதில்லை. மறுநாளும் வலியும் வீக்கமும் கூடியிருந்தால் அளவைக் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இங்கே பயன்படுகிறது. இடுப்பளவு நீரில் நிற்கும்போது கால்கள் நம் எடையில் ஏறக்குறைய பாதியையே தாங்குகின்றன. மருத்துவர் இசைவு தந்தபின், பெரியவர் துணையோடு, ஓட்டமும் வழுக்கலும் இல்லாத நீரில் நடந்து பழகுவது கால் முறிந்தவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

உணவுக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், கேழ்வரகுக் கூழும், முருங்கைக் கீரையும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும், முட்டையும் பாலும் எலும்புக்கு வேண்டிய புரதத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் தருவன. வெயில் வைட்டமின் டி தருகிறது.

புனிதர் காட்டும் பாடம்

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுப் புனித லொயோலா இஞ்ஞாசியாரின் வலக்கால் முறிந்தது. எலும்பு சரியாகக் கூடாததால் அதை மீண்டும் முறித்துக் கட்டினர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பின்னும் ஒரு முனை துருத்தி நின்றது. அழகிய காலணி அணிய வேண்டும் என்ற ஆசையால் அதையும் அறுத்தெடுக்கச் செய்தார். படுக்கையில் கிடந்த மாதங்களில் வீரக்கதை கேட்டவருக்குக் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே. அவர் வாழ்வு திசைமாறியது அங்கேதான். ஒரு கால் சற்றுக் குட்டையாகவே நின்றுவிட்டது. ஆயினும் அந்தக் காலோடு பல நாடுகளை நடந்தே கடந்தார். அவருடைய தோழர் புனித சவேரியார்தாம் 1542-இல் தாமிரபரணி கடலில் கலக்கும் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

குணமடைதல் என்பது எப்போதும் பழைய நிலைக்கே திரும்புவதன்று என்பதை நம் அருகிலேயே காணலாம். தென்காசிக்கு அருகே அனுமன் நதிக்கரையில் உள்ளது ஆய்க்குடி. அவ்வூரைச் சேர்ந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டார். கழுத்துக்குக் கீழே உடல் இயங்கவில்லை. அந்நிலையிலேயே, தமக்கு ஊக்கமளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இயன்முறைப் பயிற்சி, பள்ளி, தொழிற்பயிற்சி என அங்கே மறுவாழ்வு பெற்றோர் மிகப் பலர். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமானார்.

நாம் செய்யக்கூடியவை

உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கற்பித்தார். ஆலயத்தில் விரிசல் கண்டால் பழுதுபார்க்கிறோம். உடலுக்கும் அவ்வாறே செய்தல் கடமையாகும். பெற்றோர்களே, கட்டுப் பிரித்த மறுநாளே பெண்பிள்ளையின் இடுப்பில் தண்ணீர்க் குடத்தை ஏற்றிவிட வேண்டாம். "பயிற்சிக்கென்று தனியே போக வேண்டுமா?" என்று நிறுத்திவிடவும் வேண்டாம். மடங்காத முழங்கையால் அவள் தன் தலையைத் தானே வாரவும் இயலாமல் போகும். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை பெறலாம். அங்கே கற்ற பயிற்சியை வீட்டில் நாள்தோறும் தொடர்வதே முக்கியம்.

தோழியரே, நம் வகுப்பில் ஒருத்தி கட்டோடு வந்தால் அவள் புத்தகப் பையை நாம் சுமப்போம். பாடக் குறிப்பை எழுதிக் கொடுப்போம். கட்டுப் பிரித்த பின் இடைவேளையில் அவளருகில் அமர்ந்து, இன்று எத்தனை முறை கை மடக்கினாள் என்று கூடவே எண்ணுவோம். தனியே செய்தால் சலிக்கும் பயிற்சி, துணையிருந்தால் நாள் தவறாமல் நடக்கும்.