முதலில் தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள்

நாற்பத்தைந்தை ஒட்டிய பெண்களுக்காக இதை எழுதுகிறேன். கணவர்களும் படித்தால் நல்லது. நான் மகளிர் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது, நீர்க்கடுப்பு என்று எதையாவது சொல்லிக்கொண்டு வருவார்கள். மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்து எழுந்த பிறகு, "இன்னொண்ணு கேக்கணும் டாக்டர்" என்பார்கள். அந்த இன்னொன்றுக்காகத்தான் வந்திருப்பார்கள். கல்யாணமான புதிதில் சொல்லித்தர அத்தை, அக்கா, தோழி என்று நாலு பேராவது இருந்தார்கள். இந்த வயதுக்குள் நுழையும்போது ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

1. யார் எங்கே படுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

நம் வீடுகளில் ஏசி பெரும்பாலும் ஒரே அறையில்தான். சித்திரை பிறந்ததும் பிள்ளைகள், சில வீடுகளில் மாமியாரும், அங்கேயே பாய் விரித்துவிடுவார்கள். வெயில் போனாலும் பாய் போகாது. பெண் வயசுக்கு வந்தால் அம்மா அவள் பக்கத்துக்கு மாறிவிடுவாள். பையன் பிளஸ் டூ என்றால் அப்பா ஹால் சோபாவுக்குப் போய்விடுவார். பையன் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் அப்பா சோபாவிலேயே இருப்பார்! "எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல டாக்டர், எனக்கு ஹார்மோன் டெஸ்ட் எடுங்க" என்று வந்தவர்களில் பலருக்கு ஹார்மோனை விட இந்த ஏற்பாடுதான் குறுக்கே நின்றது.

படுக்கையறைத் தாழ்ப்பாளைக் கடைசியாக எப்போது போட்டீர்கள்? பெயிண்ட் அடித்தவர் அதன் மேலும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருப்பார். நகராது, நகர்ந்தால் வீட்டையே எழுப்பும். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இரண்டு சொட்டு எண்ணெயும் போதும். பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று தயங்காதீர்கள். அப்பா அம்மாவுக்கென்று ஒரு கதவு இருப்பது அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இன்னொன்று: இரவு பதினொரு மணிக்கு, பாத்திரம் கழுவி, மாவைக் கரைத்து வைத்துவிட்டு வந்து படுக்கும் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். பிள்ளைகள் டியூஷன் போன ஞாயிறு மதியம் எவ்வளவோ மேல்.

2. ஆசை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

"முன்ன மாதிரி தோணவே மாட்டேங்குது." நான் அதிகம் கேட்டது இதைத்தான். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும், ஏதோ கணக்கு முடிந்துவிட்ட மாதிரி.

நாங்கள் படித்த காலத்துப் பாடம் இப்படி: மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் ஆய்வுக்கூடத்தில் வைத்து உடம்பின் மாற்றங்களை அளந்து 1966-இல் புத்தகம் போட்டார்கள். கிளர்ச்சி ஏறும், நிலைகொள்ளும், உச்சம் தொடும், தணியும். பின்னால் வந்தவர்கள் இதற்கு முன்னால் ஆசையைச் சேர்த்தார்கள். முதலில் ஆசை, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று ஆனது. ஆசை முதலில் வராத பெண்ணெல்லாம் நோயாளி என்று எண்ணுவதற்கும் அதுவே வழி செய்தது. 2000-இல் கனடாவின் வான்கூவரில் இருந்த ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் இதை வேறு மாதிரி வரைந்தார். நெடுநாள் சேர்ந்து வாழும் பெண்கள் பலர் ஆசை எதுவும் இல்லாமல்தான் தொடங்குகிறார்கள். நெருக்கம் வேண்டும் என்ற மனம்தான் அவர்களை நகர்த்துகிறது. தொடுதல் இதமாக இருந்தால் உடம்பு விழிக்கிறது. ஆசை அதற்குப் பிறகு வந்து சேர்கிறது.

இதை நான் விளக்கியதும் பலர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். "ஆமா டாக்டர், ஆரம்பிச்சாச்சுன்னா நல்லாத்தான் இருக்கு. ஆரம்பிக்கத்தான் தோணல." அப்படியென்றால் உங்களுக்கு ஒன்றும் போய்விடவில்லை. அது வரும் வழி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆசையைக் காணோமே என்று உட்கார்ந்திருப்பதை விட்டு, அது வருவதற்கு இடமும் நேரமும் கொடுங்கள். காலாட்டிக்கொண்டு டிவி பார்க்கும்போது தோளில் சாய்ந்து உட்காருவதற்கு ஹார்மோன் தேவையில்லை.

கணவர்களே, இதைப் படித்துவிட்டு "ஆரம்பிச்சா சரியாயிடும்" என்று வற்புறுத்த வேண்டாம். தொடங்கும் மனம் அவளுடையதாக இருக்க வேண்டும். தொடங்கிய பிறகும் உடம்பு இணங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டே தூங்கலாம்.

3. நேரம் கூட ஆகும். ஆகட்டும்.

நம் நாட்டில் மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது, மேலைநாடுகளில் 51. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும். பிறப்புறுப்புக்கு ரத்தம் பாய்வது மெதுவாகும், ஈரம் ஊறத் தாமதமாகும், உச்சம் தொட அதிக நேரமும் அழுத்தமான தொடுதலும் தேவைப்படும். ஐந்து நிமிடத்தில் முடித்துப் பழகிய வீடுகளில் இங்கேதான் இடிக்கும்.

உள்ளே நுழைவது மட்டும்தான் உறவு என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பெண்களில் பெரும்பாலோருக்கு அதனால் மட்டும் உச்சம் வருவதில்லை. இருபது வயதிலும் வந்ததில்லை. இன்பத்துக்கென்றே அமைந்த உறுப்பு கிளிட்டோரிஸ். வெளியே தெரிவது அதன் நுனி மட்டும். மீதி உள்ளே இரண்டு பக்கமும் கிளை விட்டிருக்கிறது. அதன் முழு அளவை ஆஸ்திரேலியாவின் ஹெலன் ஓ'கானல் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் சரியாக விவரித்தது 1998-இல். உலகமே அவ்வளவு தாமதம் என்றால், இருபது வருடம் குடும்பம் நடத்திய உங்கள் கணவருக்குத் தெரியாதது அதிசயமில்லை. கையைப் பிடித்துக் காட்டுங்கள்.

4. வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

இதை மட்டும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். "பிளேடால கீறுற மாதிரி இருக்கு. அவருக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுவேன்." இது பதிவிரதைத்தனம் இல்லை, தேவையில்லாத துன்பம். ஒரு முறை வலித்தால் அடுத்த முறை உடம்பு முன்கூட்டியே இறுகிக்கொள்ளும். இறுகினால் இன்னும் வலிக்கும். சில மாதங்களில் கணவரின் கை மேலே பட்டாலே எரிச்சல் வரும். அவரோ காரணம் புரியாமல், ஹால் சோபாவுக்குப் போய்விடுவார்.

காரணம் எளிது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனிச் சுவர் மெலிகிறது, வறள்கிறது, அங்கே இயல்பாக இருக்கும் அமிலத்தன்மை குறைகிறது. அதனால்தான் நீர்க்கடுப்பும் திரும்பத் திரும்ப வருகிறது. உடம்பு அனலாகக் கொதிக்கும் தொல்லை நாளடைவில் தானாக அடங்கும். இந்த வறட்சி தானாக அடங்காது, விட்டால் கூடும்.

செய்ய வேண்டியவை மூன்று. உறவின்போது ஜெல் வையுங்கள். நாப்கின் வாங்குகிற அதே மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். கணவர் சில சமயம், "ஜெல் போட்டாத்தான் என்கிட்ட வருவியா?" என்று ரோஷப்படுவார். உடம்பு ஊறாததற்கும் அவர் மேல் உள்ள பிரியத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். தேங்காயெண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஆணுறையோடு எந்த எண்ணெயும் ஆகாது, லேடெக்ஸ் ரப்பர் கிழிந்துவிடும். இரண்டாவது, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை உள்ளே வைக்கும் ஈரப்பதக் கிரீம். இதுவும் போதவில்லை என்றால் மருத்துவர் எழுதித்தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை என்பது வழக்கம். ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சோப்பும் கிருமிநாசினியும் போட்டு உள்ளே கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

5. அவருடைய உடம்பும் மாறுகிறது.

இளமையில் பார்த்தாலே போதும் என்றிருந்தவருக்கு இப்போது கை படாமல் விறைப்பு வராது. வந்தாலும் முன்பிருந்த உறுதி இருக்காது, ஒரு முறை முடிந்தால் மறுபடி ஆக மணிக்கணக்காகும், சிலருக்கு ஒரு நாளே ஆகும். இதெல்லாம் இயல்பு. ஆனால் வீட்டில் நடப்பது வேறு. எங்கே முடியாமல் போய்விடுமோ என்று அவர் ஒதுங்குவார். எனக்கு வயசாயிடுச்சு, அவருக்குப் பிடிக்கலை என்று இவள் நினைப்பாள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள்.

விறைப்பு தொடர்ந்து சரியாக வரவில்லை என்றால் முதலில் சுகர், பிபி, கொழுப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்தின் குழாய் மூன்று, நான்கு. அடைப்பு சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். விறைப்புக் குறைவு, சில வருடம் கழித்து வரப்போகும் மாரடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். வெட்கத்தால் இதை மறைப்பவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

சில்டெனாஃபில் மாத்திரை 1998-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, நல்ல மருந்துதான். அது ஆசையைத் தராது; கிளர்ச்சி இருந்தால் விறைப்புக்கு உதவும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைத் தொடவே கூடாது, பிபி அதலபாதாளத்துக்கு இறங்கி உயிர் போகலாம். கடைக்காரரிடம் கிசுகிசுத்து வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். சிட்டுக்குருவி லேகியம் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

6. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு.

"எல்லாம் எடுத்தாச்சு, இனிமே என்ன இருக்கு" என்று நினைக்காதீர்கள். கிளிட்டோரிஸையும் அதன் நரம்புகளையும் அந்த ஆபரேஷனில் யாரும் எடுப்பதில்லை. அதிக ரத்தப்போக்கால் அவதிப்பட்டவர்களுக்கு அதன் பிறகு உறவு நன்றாகவே இருப்பதும் உண்டு. ஆனால் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும், வறட்சியும் அனலும் கடுமையாக இருக்கும். உங்களுக்கு எதை எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள். பலருக்கு அதுவே தெரியாது.

7. மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்.

எஸ்சிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும். சில பிபி மாத்திரைகள் ஆண்களின் விறைப்பைப் பாதிக்கும். டபாக்ளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகளால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். தானாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் மாற்று உண்டு.

8. கருத்தடையை அவசரப்பட்டு விடாதீர்கள்.

ஐம்பதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிடாய்க்குப் பிறகு ஒரு வருடம். ஐம்பதுக்குள் நின்றுவிட்டால் இரண்டு வருடம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

9. பேசுங்கள், ஆனால் படுக்கையில் அல்ல.

அந்த நேரத்தில் குறை சொன்னால் எந்த ஆணுக்கும் அத்தோடு எல்லாம் போயிற்று. காலையில் மொட்டை மாடியிலோ, வண்டியில் போகும்போதோ சொல்லுங்கள். "இது நல்லா இருந்துச்சு" என்று தொடங்கினால் அடுத்ததைச் சொல்வது எளிது. "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்பதற்கும் வெறுமனே முதுகைத் திருப்பிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். வள்ளுவர் காமத்துப்பாலுக்கு 250 குறளை ஒதுக்கி, கடைசி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே கொடுத்திருக்கிறார். நாம் பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கமே போவதில்லை.

10. வேண்டாம் என்பதும் சரிதான்.

இருவருக்கும் நாட்டமில்லை, அதனால் மனக்குறையும் இல்லை என்றால் அது நோய் அல்ல. கணவரை இழந்தவர்கள், தனியாக இருப்பவர்கள் தங்களைத் தாங்களே தொட்டு இன்பம் காண்பதால் எந்தக் கேடும் இல்லை. நரம்புத் தளர்ச்சி வரும் என்பது பொய். "மருமகள் வரப்போற வயசுல இதெல்லாம் எதுக்கு" என்று யாராவது சொன்னால், அது அவருடைய கணக்கு.

11. ரத்தம் பட்டால் காத்திருக்காதீர்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு, உறவுக்குப் பின்னோ சும்மாவோ, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதை வறட்சி என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலும் மெலிந்த தோல்தான் காரணமாக இருக்கும். சில சமயம் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுவே. ஸ்கேனும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்தால்தான் தெரியும். தீபாவளி முடியட்டும், பெண் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.