மெயிலில் கோட் ரிவ்யூ: ராயகிரித் தம்பிக்கு ஒரு கடிதம்



ஆபீஸ் வேலைக்கு கிட்ஹப், லினக்ஸ் கர்னலுக்கு ஒரு திருத்தம் அனுப்பப் போனால் மெயில். இந்தக் காலத்திலும் மெயிலில் கோட் ரிவ்யூ செய்வார்களா என்று கேட்டிருந்தாய். செய்கிறார்கள், காரணத்தோடுதான் செய்கிறார்கள். இரண்டையும் பழகு. ஆனால் மெயிலை முதலில் பழகு.

கர்னலுக்கு வரும் திருத்தங்கள், அதாவது பேட்ச்சுகள், ஆரம்பத்திலிருந்தே மெயிலில்தான் வருகின்றன. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியை எழுதிய பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. மெயிலில் வந்த பேட்ச்சை அப்படியே எடுத்துச் சேர்க்கும் கட்டளை கிட்டுக்குள்ளேயே இருக்கிறது. கிட்டின் சொந்தக் கோடும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கோடும் இன்றுவரை மெயில் வழியாகத்தான் அலசப்படுகின்றன.

மெயில் உன்னை எழுத வைக்கும். மத்தளம்பாறை ஸோகோ அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து மேசைக்காரரிடம் வாயால் விளக்கிவிடலாம். ராயகிரியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற உனக்கு எழுத்துதான் வாய். ஒரு டிரைவரில் மெமரி லீக்கைச் சரிசெய்கிறாய் என்று வை. 'லீக் சரிசெய்யப்பட்டது' என்று ஒற்றை வரியோடு அனுப்பினால் கேள்விகளோடு திரும்பி வரும். எந்த வழியாகப் போனால் லீக் ஆகிறது, யாருக்கு அது பாதிப்பு என்று சொல்ல வேண்டும். பிழை எந்தக் கமிட்டில் நுழைந்ததோ, அதன் அடையாளத்தின் முதல் 12 எழுத்துகளை 'ஃபிக்ஸஸ்' வரியில் குறிக்க வேண்டும். திருத்தி மறுபடி அனுப்பும்போது, போன தடவையிலிருந்து என்ன மாறியது என்பதை மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுது. அது ரிவ்யூ செய்பவர் கண்ணுக்கு மட்டும். கர்னலின் வரலாற்றில் ஏறாது. பதில் எழுதும்போது, அவர் கேட்ட வரிக்கு நேர் கீழே உன் பதில் இருக்கட்டும். தேவையில்லாத மிச்சத்தை வெட்டிவிடு.

கிட்ஹப் புல் ரிக்வெஸ்டில் கோடின் ஒவ்வொரு வரியிலும் குறை சொல்லலாம், கமிட் விளக்கத்தின் வரியில் சொல்ல முடியாது. அதனால் பலரும் விளக்கத்தைப் படிப்பதே இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் பயன்படுத்தும் கெரிட் என்ற ரிவ்யூ கருவியில் விளக்கமும் ஒரு ஃபைல் போல ரிவ்யூவுக்கு வரும். முதல் பதிப்பையும் மூன்றாம் பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியும். நல்ல கருவி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மெயிலின் சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். யார் யாருக்குப் பதில் பாக்கி என்று அது காட்டாது. உன் பேட்ச் கூட்டத்தில் அமுங்கிப்போய், வாரக்கணக்கில் பதிலே இல்லாமல் கிடக்கலாம். டெஸ்ட் ஓடியதா, விழுந்ததா என்று அதே இடத்தில் தெரியாது. ஐந்து பேர் கொண்ட ஆபீஸ் குழுவை மெயிலுக்கு மாற்றச் சொல்லிப் போராடாதே. அவர்களுக்கு கிட்ஹப் போன்ற கருவிதான் சரி. ஓப்பன்-தமிழ் போன்ற பைதான் நூலகம் கிட்ஹப்பில் இருப்பதும் நல்லதுதான். ஒரு கல்லூரி மாணவர் பிரவுசரிலேயே ஒரு எழுத்தைத் திருத்தி அனுப்பிவிடலாம்.

ஆனால் கருவிக்கு ஆயுள் உண்டு. எல்எல்விஎம் கம்பைலர் திட்டத்தார் பல ஆண்டுகள் ஃபேப்ரிகேட்டர் என்ற கருவியில் ரிவ்யூ செய்தார்கள். 2021இல் அதன் பராமரிப்பே நின்றது. 2023 செப்டம்பரில் கிட்ஹப்புக்கு மாறினார்கள். பழைய விவாதங்களைத் தனியாக எடுத்துக் காப்பாற்றி வைக்க வேண்டியிருந்தது. கர்னல் மெயில்களில் 1990களின் கடைசியில் எழுதியவற்றை இன்றும் தேடிப் படிக்கலாம். ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு எத்தனையோ தடவை விடை அங்கேதான் கிடைக்கிறது. மலையில் மழை பிடித்து நெட் போனாலும், இறக்கி வைத்த மெயிலைப் படித்துப் பதில் எழுதி வைக்கலாம், நெட் வந்ததும் போய்விடும்.

பேட்ச்சை ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பாதே. அது டேப்பை இடைவெளியாக்கிவிடும், நீள வரிகளை உடைத்துவிடும்; அந்தப் பேட்ச் யாருடைய கோடிலும் சேராது. 'கிட் சென்ட்-ஈமெயில்' கட்டளையை அமைத்துக்கொள். முதல் பேட்ச்சை உன் முகவரிக்கே அனுப்பு. வந்த மெயிலைச் சேமித்து, 'கிட் ஏஎம்' கொடுத்து, சுத்தமாகச் சேர்கிறதா என்று பார். சேர்ந்தால் மெயின்டெய்னருக்கு அனுப்பு. இரண்டு வாரம் பதில் வராவிட்டால் பணிவாக ஒரு தடவை நினைவூட்டு.