தூரம் ஒன்று, நேரம் இரண்டு

சிரஞ்சீவி தம்பிக்கு,

டோக்கியோவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே தேசப்படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதாகவும், விமானமோ அந்தக் கோட்டை விட்டு வடக்கே வளைந்து செல்வதாகப் படித்துத் திகைத்ததாகவும், போக ஒன்பது மணி சொச்சமும் திரும்பப் பதினொரு மணியும் ஆவதேன் என்றும் எழுதியிருந்தாய். முதல் சந்தேகத்தில் குற்றம் விமானியுடையதன்று; உருண்டையை விரித்துத் தட்டையாக்கிய படத்தினுடையது. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் அவ்விரு நகரங்களுக்கிடையே ஒரு நூலை இறுக இழுத்துப் பிடித்துப் பார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருந்தபோதிலும், நூல் அலூசியன் தீவுகளின் பக்கமாக மேலே ஏறியே பின்பு இறங்கும். அட்சரேகையை ஒட்டிப் பறந்தால் சுமார் 8,700 கிலோமீட்டர். நூல் காட்டும் வழியில் சுமார் 8,270.

இரண்டாவது சந்தேகந்தான் ருசியானது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே பறப்பவனை நோக்கி ஊர் தானே வந்துவிடாதோ என்று கேட்கிறாய். வராது, பூமியோடு வாயுமண்டலமும் கூடவே சுழல்கிறது, விமானம் அந்த வாயுவிலன்றோ மிதக்கிறது! ஆனால் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, கரையில்லாத ஒரு நதியைப்போல் ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. ஜப்பானின்மேல் குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டுவதுண்டு. டோக்கியோவுக்கு அருகே டடேனோ என்னுமிடத்தில் பலூன்களைப் பறக்கவிட்டு, 1920களிலேயே இதை அளந்து கண்டவர் வாசபுரோ ஓயிஷி. உலகத்தார் யாவரும் படிக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் அவர் தம் அறிக்கையை 1926-இல் எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட, எல்லோருக்கும் பொதுவான அந்தப் பாஷையில் எழுதியதாலேயே அதைப் படித்தவர் மிகச் சொற்பமாயினர்! 1944-இன் இறுதியில், ஜப்பான்மீது உயரப் பறந்த அமெரிக்க யுத்த விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கி, குண்டுகள் குறிதவறி விழுந்தபோதுதான் பலருக்கு அதன் பலம் தெரிந்தது.

இனிக் கணக்கு. காற்றில்லாவிடில் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு இந்த வழி 9 மணி 11 நிமிஷம். 100 கிலோமீட்டர் காற்று முதுகில் தள்ளினால் 8 மணி 16 நிமிஷம். அதுவே முகத்தில் மோதினால் 10 மணி 20 நிமிஷம். போகையில் கிடைத்த லாபம் 55 நிமிஷம், வருகையில் நஷ்டமோ 69. எதிர்காற்றில் அதிக நேரம் அகப்பட்டிருப்பதால், சமமான காற்றும் சமமாக ஈடு செய்வதில்லை. பரிசல்காரனுக்குப் பாடமில்லாமலே தெரிந்த விஷயம். ஆகவேதான் மேற்கே திரும்பும் விமானிகள், தூரம் கூடினாலும் பாதகமில்லையென்று, காற்றோட்டத்தை விட்டு இன்னும் வடக்கே ஒதுங்கிப் பறப்பதுண்டு.

காற்று 200 கிலோமீட்டரானால் இவ்விரு நேரமும் எவ்வளவு என்று நீயே போட்டு எழுது. அண்ணனைக் கேட்டு எழுதாதே. அவன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் மாமா