முதல் பிரெஞ்சுச் சொல்லைப் படத்தோடு கொடுங்கள்

புதுச்சேரியில் பாலர் வகுப்புக்குப் பிரெஞ்சு சொல்லித்தரப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு:

1. ஒரு அட்டைக்கு ஒரே பொருள். பின்னணியில் வீடு, வானம் எதுவும் வேண்டாம். பூனையைக் காட்டி 'லெ ஷா' என்கிறீர்கள். பிள்ளையின் கண் அது படுத்திருக்கும் பாயில் இருந்தால், பெயர் பாய்க்குப் போய்விடும். கொமேனியுஸ் 1658இல் வெளியிட்ட லத்தீன், ஜெர்மன் படப்புத்தகத்தில் ஒரே படத்துக்குள் பல பொருள்களுக்கு எண் போட்டிருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு. நாலு வயதுக்கு ஆகாது.

2. பிள்ளை தினமும் பார்ப்பதில் தொடங்குங்கள். மீன், வாழைப்பழம், கடல், நம் ஊர்ப் போலீஸ்காரரின் சிவப்புக் கெப்பி. பனிமனிதன் பிறகு வரட்டும்.

3. 'ஷா' என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். 'லெ ஷா' என்றே சொல்லுங்கள். பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. தனியாகப் படித்த சொல்லுக்குப் பின்னால் பாலை ஒட்டவைப்பது பெரும்பாடு. 'லெ' அட்டைக்கு நீலக் கரை, 'லா' அட்டைக்குச் சிவப்புக் கரை போடுங்கள். உயிரொலியில் தொடங்கும் சொல்லில் இரண்டும் ஒன்றுபோல் சுருங்கிவிடும். அதனால் மரத்துக்கு 'அன் ஆர்ப்ர்', ஆரஞ்சுக்கு 'உய்ன் ஓரான்ஜ்' என்று கொடுங்கள்.

4. எழுத்தை அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். பூனையின் பெயரில் கடைசி எழுத்து ஒலிக்காது. அதை முதலிலேயே கண்ணில் காட்டினால் பிள்ளை உச்சரித்தே தீரும். காது நிறைந்த பிறகு எழுத்து.

5. ஒலிதான் உங்கள் வேலையில் பாதி, இதில் அவசரப்படாதீர்கள். மீனுக்கு 'புவாசோன்', பந்துக்கு 'பலோன்' என்று இங்கே எழுதினாலும் முடிவில் னகரம் கிடையாது. ஓகாரம் மூக்கில் ஒலித்து நிற்கும். நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. 'மரம்', 'பாலம்' என்று வீட்டில் பேசும்போது யார் உதட்டை மூடி மகரம் சொல்கிறார்கள்? அந்த முடிவை அப்படியே எடுத்து மீனுக்கு வைக்கச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வார்கள். தெருவுக்கான 'ரூ'வில் வரும் உயிரொலிதான் தமிழில் இல்லாதது. 'ஈ' சொல்லச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்கச் சொல்லுங்கள். கையில் சிறு கண்ணாடி கொடுத்தால் அவர்களே உதட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

6. பேச வற்புறுத்த வேண்டாம். நாலு அட்டையைப் பரப்பி, 'ஊ எ லெ ஷா?' என்று பூனை எங்கே எனக் கேளுங்கள். விரல் சரியாகப் போனால் சொல் உள்ளே போய்விட்டது என்று பொருள். சில குழந்தைகள் வாரக்கணக்கில் விரலாலேயே பதில் சொல்வார்கள், காத்திருங்கள். ஒரு பிள்ளை படத்தைப் பார்த்துப் 'பூனை' என்றால் கடிந்துகொள்ளாதீர்கள். அது சரியான பதில். தலையசைத்து, 'லெ ஷா' என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுங்கள்.

7. ஒரு நாளைக்கு ஐந்து புதிய அட்டை போதும். மறுநாள் பழையதை முதலில் எடுங்கள்.