ஏணி பிடித்தது போதும்

கேள்வி: எனக்கு வயது 46. சாங்கி பக்கம் ஒரு கட்டடத்தில் பதினெட்டு வருடமாக மின் பராமரிப்பு வேலை. எங்கள் கூரையிலும் சோலார் வந்துவிட்டது. அதைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் ஏணி பிடிக்கிறேன்! இரண்டு நாள் சோலார் வகுப்புக்குப் போனால் அந்த வேலைக்கு மாறலாமா? "இந்த வயதில் தேவையா?" என்கிறார் மனைவி.
– வாசகர், சாங்கி

பதில்: இரண்டு நாளில் மாற முடியாது. தகடு மாட்டும் வேலை சில மாதத்தில் முடிந்துவிடும். அந்தக் கூட்டம் அடுத்த கூரைக்குப் போய்விடும். உங்களுக்கு அது வேண்டாம். மாட்டியதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் தேவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கூரைகளுக்கு சோலார்நோவா திட்டம் வந்தது 2014-ல். இன்வெர்ட்டரின் ஆயுள் பத்துப் பதினைந்து வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பழுது பார்க்கும் காலம் இப்போதுதான் தொடங்குகிறது. உங்கள் பக்கத்திலேயே விமான நிலையம் 2024-ல் அறிவித்த 43 மெகாவாட் திட்டம் இருக்கிறது.

அனுபவம் இருக்கிறதே என்று துணிந்து கை வைத்துவிடாதீர்கள். பதினெட்டு வருடப் பழக்கம் என்ன சொல்லும்? பிரேக்கரை இறக்கு, டெஸ்டர் வை, வேலையைத் தொடங்கு. கூரையில் பிரேக்கரை இறக்கினாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். வரிசையாக இணைத்த தகடுகளில் பல நூறு வோல்ட் நிற்கும். சுவர் பிளக்கில் வரும் ஏசி, விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி கிளம்பினாலும் அணைய வாய்ப்புண்டு. தகடு தரும் டிசியில் அது கிடையாது. மின்சாரம் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி நீண்டு எரியும். கைதேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் பழக்க தோஷத்தில் அப்படிக் கையை நீட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதலில் அதுதான். எலெக்ட்ரீஷியன் உரிமத்துக்கு 45 கேவிஏ வரை எல்லை, டெக்னீஷியனுக்கு வடிவமைப்பில் 150, இயக்கிப் பராமரிப்பதில் 500. பெரிய கூரைகள் அதையும் தாண்டும். அங்கே பொறியாளர் உரிமம் உள்ளவர்தான் பொறுப்பு. அவருக்குக் கீழே டிசி சோதனை தெரிந்த நம்பகமான ஆள் வேண்டும். அந்த இடம் உங்களுக்குப் பொருந்தும். பிறகு பேட்டரி பக்கம் போகலாம். ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி சேமிப்பு நிலையம் 2023-லேயே வந்துவிட்டது.

மனைவியிடம் சொல்லுங்கள், வயதுதான் உங்களுக்குச் சலுகை. நீங்கள் குடிமகன் என்றே வைத்துக்கொள்கிறேன். 40 வயதானவர்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 4,000 வெள்ளி போட்டார்கள். எல்லா வகுப்புக்கும் அது செல்லாது. பணம் கட்டும் முன் பட்டியலைப் பாருங்கள். தகுதியான முழுநேரப் படிப்பு என்றால் மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையும் உண்டு.

உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சியை உடனே முடித்துவிடுங்கள். அடுத்த முறை அந்த ஆட்கள் வரும்போது ஏணியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மேலே போய், எந்த வரிசையில் மின்சாரம் குறைகிறது, ஏன் என்று கேளுங்கள்.