வெயிலில் களைத்த கண்களுக்குக் கற்றாழைக் கூழ்

வைகாசி பிறந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக்காரர் அனைவரும் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. செம்பாட்டு மண்ணின் புழுதி எழுந்து கண்ணிற் படிகின்றது. நடுப்பகல் வெயிலின் கூச்சம் பார்வையைச் சுருக்குகின்றது. வெங்காயம் அரிவோருக்கும் மிளகாய் ஆய்வோருக்கும் அவற்றின் காரம் கண்ணை வருத்துகின்றது. மாலையில் வீடு திரும்பும்போது கண்கள் எரிந்து, இமைகள் கனத்து, கண்ணின் கீழ்ப்புறம் வீங்கி இருக்கக் காண்கின்றோம்.

இக்களைப்பை ஆற்றுதற்கு நம் வளவிலேயே வளரும் சோற்றுக் கற்றாழையைக் கொண்டு குளிர்ச்சியான கூழ் ஒன்றைச் செய்துகொள்ளலாம். அதன் செய்முறை இங்கே கூறப்படுகின்றது. அக்கூழ் எப்போது உதவும், எப்போது உதவாது என்பதும் கூறப்படுகின்றது. பின்னது முன்னதினும் முக்கியமானது. ஆதலால் கமக்காரர் இதனை இறுதிவரை வாசித்தல் வேண்டும்.

கண் களைப்பது ஏன்?

கண்ணின் மேற்பரப்பை மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று எப்போதும் நனைத்துக் காக்கின்றது. வறண்ட காற்று அப்படலத்தை விரைவில் உலர்த்திவிடும். அப்போது கண் உறுத்தும், எரியும். வெயிற் கூச்சத்தினால் இமைகளை நெடுநேரம் சுருக்கி வைத்திருத்தலால் கண்ணைச் சுற்றியுள்ள தசைகளும் சோர்வடைகின்றன. போதிய உறக்கமின்மை இதனை மிகுவிக்கும். இவற்றுக்கு வேண்டியவை ஓய்வும் குளிர்ச்சியுமே.

கற்றாழைச் சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே உள்ளது. எஞ்சிய சிறு பங்கில் உள்ள பசைப் பொருட்கள் அந்நீரைத் தோலின்மேல் தங்கவைக்கின்றன. நீர் மெல்ல ஆவியாகும்போது தோல் குளிர்கின்றது. வீக்கம் சற்று வடிகின்றது. கூழ் செய்யும் வேலை இவ்வளவே. அது நோயைத் தீர்ப்பதில்லை, பார்வையைக் கூட்டுவதுமில்லை.

எந்தக் கற்றாழை?

வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வளரும் ஆனைக் கற்றாழையை எக்காரணம் கொண்டும் எடுத்தலாகாது. அதன் இலை விறைப்பானது. நுனியில் வலிய முள் உண்டு. முறித்தால் நார் தோன்றும். அதன் சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய பளிங்குகள் இருப்பதால், பட்ட இடம் எரிந்து தடிக்கும். சோற்றுக் கற்றாழையின் இலை சதைப்பற்றானது. ஓரத்தில் மென்மையான சிறு முட்கள் உண்டு. வெட்டினால் நார் இன்றிக் கண்ணாடி போன்ற சோறு தோன்றும்.

மருந்து தெளிக்கும் தோட்டத்தின் வரம்பில் நிற்கும் கற்றாழையையும் தவிர்த்தல் வேண்டும். காற்றில் வரும் மருந்துத் துளிகள் அதன் இலையிற் படிந்திருக்கும். வீட்டு வளவில், மருந்து எட்டாத ஓரிடத்தில், பக்கக் கன்றுகளைப் பிரித்து ஒன்றரை அடி இடைவெளியில் நடுக. மணற்பாங்கான மண் இதற்கு உகந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரி மழையில் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலால் சற்று மேடான இடத்தைத் தெரிந்துகொள்க. நன்கு முற்றிய வெளி இலைகளையே வெட்டுதல் வேண்டும், நடுக்குருத்தைத் தொடலாகாது.

வேண்டிய பொருட்கள்

முற்றிய சோற்றுக் கற்றாழை இலை ஒன்று, கொதித்து ஆறிய நீர், கூரிய கத்தி, கரண்டி, வெள்ளைப் பருத்தித் துணி, மூடியுள்ள சிறிய கண்ணாடிப் போத்தல். கத்தி, கரண்டி, துணி, போத்தல் ஆகியவற்றைப் பத்து நிமிடம் நீரிற் கொதிக்கவைத்து எடுத்துக்கொள்க.

செய்முறை

1. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. இலையை அடியோடு வெட்டி நன்றாகக் கழுவுக.

2. வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்குமாறு இலையை ஒரு கோப்பையில் அரைமணி நேரம் நிறுத்துக. மஞ்சள் நிறமான கசப்புப் பால் வடியும். இப்பால் தோலையும் கண்ணையும் எரிக்கும் தன்மையது. அதனைக் கொட்டிவிடுக. இப்படியை ஒருபோதும் விடலாகாது.

3. இரு ஓரத்து முட்களையும் சீவி நீக்குக. மேற்றோலையும் கீழ்த்தோலையும் சற்றுத் தடிப்பாகவே சீவுக. தோலை ஒட்டியே மஞ்சட் பால் இருக்கின்றது.

4. நடுவிலுள்ள சோற்றைக் கொதித்து ஆறிய நீரில் இரண்டு, மூன்று முறை அலசுக. மஞ்சள் நிறம் சிறிதும் இருத்தலாகாது.

5. சோற்றைக் கரண்டியால் நன்றாக மசித்துத் துணியில் வடிகட்டுக. வழுவழுப்பான தெளிந்த கூழ் கிடைக்கும்.

6. போத்தலில் இட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க. இரண்டு நாளுக்குள் முடித்துவிடுக. அப்பெட்டி இல்லாத வீட்டில், ஒருவேளைக்கு வேண்டிய அளவே செய்து, எஞ்சியதை எறிந்துவிடுக.

விரும்பினால் நான்கு கரண்டிக் கூழுக்குத் தோல் சீவிய வெள்ளரிக்காயின் வடிகட்டிய சாறு ஒரு கரண்டி சேர்க்கலாம். அவ்வாறு சேர்த்த கூழை அன்றே முடித்தல் வேண்டும். மருந்தடித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்கள் கழிந்த பின்னர் பறித்த வெள்ளரிக்காயையே பயன்படுத்துக.

தேசிக்காய்ச் சாறு, கற்பூரம், வாசனைத் தைலம் ஆகியவற்றைச் சேர்க்கலாகாது. இமையைச் சுற்றிய தோல் உடலின் மற்றைத் தோலினும் மிக மெல்லியது; அது இவற்றைத் தாங்காது. கூழ் புளித்து மணத்தாலோ, நிறம் மாறினாலோ கொட்டிவிடுக.

பூசும் முறை

முதன்முறை பூசுவோர் முன்னங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்தல் வேண்டும். சிவத்தல், தடித்தல், சொறிதல் தோன்றினால் இக்கூழ் அவருக்கு ஆகாது. வெங்காயமோ உள்ளியோ பட்டால் தோல் தடிப்பவர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் முதலிற் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. மிளகாய் ஆய்ந்த கையோடும் மருந்தடித்த கையோடும் முகத்தைத் தொடலாகாது. பின்னர் சுத்தமான நீரால் முகத்தைக் கழுவித் துடைத்து, கண்களை மூடிச் சாய்ந்து இருந்துகொண்டு, கண்ணின் கீழுள்ள எலும்பு விளிம்பின் மேலும் நெற்றிப் பொட்டுகளிலும் மெல்லத் தடவுக. இமை மயிருக்கு அரை அங்குலம் எட்டவே பூசுதல் வேண்டும். மூடிய கண்களின்மேல் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இடலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தின் பின் கழுவிவிடுக.

கூழைக் கண்ணுக்குள் இடலாகாது. நாம் வீட்டிற் செய்யும் எதுவும் கண்ணுக்குள் இடத்தக்க அளவுக்குக் கிருமி நீங்கியதன்று.

கண்ணில் உமி பட்டால்

தை, மாசி மாதங்களில் நெல் அரிந்து சூடடிக்கும்போது உமியோ, தாளோ, நெல்லின் கூரோ கண்ணின் கருவிழியைக் கீறிவிடுதல் உண்டு. அக்கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகவும் இருக்கலாம். பயிர்ப்பொருளால் ஏற்படும் கீறலின் வழியே பூஞ்சணமும் ஏனைய கிருமிகளும் உட்புகுந்து கருவிழியிற் புண்ணை உண்டாக்கும். அப்புண் ஆறினும் வெண்தழும்பு நின்று பார்வையை மறைத்துவிடலாம்.

இவ்விடத்தில் நேரமே கண்ணைக் காக்கின்றது. நேபாள நாட்டின் பக்தபூர் மாவட்டத்தில் 1990ஆம் ஆண்டுகளில் நடந்து 2001இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. அங்கே கருவிழி கீறப்பட்ட 442 பேருக்குக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்கள் குளோரம்பெனிக்கோல் என்னும் கண் களிம்பை நாள் ஒன்றுக்கு மூன்று முறையாக மூன்று நாள் இட்டனர். அடிபட்டு 18 மணி நேரத்துள் வந்தவர்கள் 284 பேர். அவருள் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துள் வந்த 109 பேரில் நால்வருக்குப் புண் உண்டாயிற்று. அதற்கும் பிந்தி, 48 மணி நேரத்துள் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் உண்டாயிற்று.

இக்கணக்கைக் கமக்காரர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். காலையிற் கண்ணில் உமி பட்டவர், "நாளைக்குப் பார்ப்போம்" என்று கற்றாழையோ, நந்தியாவட்டைப் பூவோ, தாய்ப்பாலோ விட்டுக் காத்திருந்தால், காக்கக்கூடிய நேரம் கழிந்துவிடும். அவ்வாறு விடும் பொருளே கிருமியைக் கொண்டு சேர்க்கவும் கூடும். கண்ணைக் கசக்காது, சுத்தமான நீரால் மெல்லக் கழுவி, அன்றே அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். கடையிற் கிடைக்கும் கண் துளிமருந்தை வைத்தியரைக் கேளாது வாங்கி விடலாகாது. சில துளிமருந்துகளில் உள்ள ஸ்டீரொயிட் என்னும் பொருள், பூஞ்சணப் புண்ணை மறைவாக வளரச் செய்யும்.

மருந்து கண்ணில் தெறித்தால்

பூச்சிமருந்தோ களைகொல்லியோ கண்ணிற் பட்டால், ஒரு நொடியும் தாமதியாது இமைகளை விரலால் விரித்துப் பிடித்துச் சுத்தமான நீரைக் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது ஊற்றுதல் வேண்டும். பின்னர் மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்க. கண்ணின் வழியாகவும் நஞ்சு உடலிற் சேரும் என்பதை மறத்தலாகாது. இதன்பொருட்டு, மருந்தடிக்கும் நாளில் வரம்பருகே ஒரு வாளி சுத்த நீரைத் தனியே மூடி வைத்துக்கொள்க. கண் கவசம் அணிக. காற்று அடங்கிய காலை வேளையில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று மருந்தடிக்க.

களைப்பு நீங்காதிருந்தால்

நாற்பது வயதைக் கடந்தவருக்கு அண்மைப் பொருட்கள் மங்கித் தோன்றுதல் இயல்பு. மருந்துப் போத்தலின் சிற்றெழுத்தை வாசிக்கவும், நாற்றைப் பிரிக்கவும், பூச்சியின் முட்டையைக் காணவும் அவர் கண்ணை வருத்துகின்றார். அக்களைப்பை எக்கூழும் ஆற்றாது, கண்ணாடியே ஆற்றும். இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 40 வயதுக்கு மேற்பட்ட தேயிலைக் கொழுந்து பறிப்போரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அண்மைப் பொருட்களைக் காண உதவும் கண்ணாடி பெற்றோரின் பறிப்பு, பெறாதோரினும் ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக உயர்ந்தமை தெரிந்தது.

பார்வை மங்கல், கடும் வலி, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், பீளை தள்ளுதல், கருவிழியில் வெண்புள்ளி, இரண்டு நாளிலும் நீங்காத சிவப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கூழை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுக. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு.

வருமுன் காத்தல்

அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பி வெயிலையும் கூச்சத்தையும் பெரிதும் தடுக்கும். நெடுங்கால வெயிலும் புழுதியும் வெண்விழியிலிருந்து கருவிழிமேற் சதை படர்வதற்குக் காரணமாகின்றன. வெயில் கண்புரையையும் முந்தச் செய்யும். சூடடிக்கும்போது சாதாரணக் கண்ணாடி ஒன்றை அணிந்தாலும் உமி கண்ணிற் படுதல் குறையும். நடுப்பகலில் ஒரு மணி நேரமேனும் நிழலில் கண்மூடி ஓய்ந்திருத்தல் நன்று.

மண்வெட்டியின் வாய் மழுங்கினால் தீட்டலாம். துலாக்கயிறு அறுந்தால் மாற்றலாம். கருவிழி புண்பட்டு வெளுத்தபின் அதனை முன்போல் ஆக்குதல் எளிதன்று. களைத்த கண்ணுக்குக் கற்றாழைக் கூழ். காயம்பட்ட கண்ணுக்கு அன்றே வைத்தியசாலை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்து, வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்லிவைக்க.