கஞ்சா ஏற்பி ஆராய்ச்சி மதிப்பான துறையா?

பி.பார்ம் படிக்கும் மகள், கஞ்சா வேலைசெய்யும் மூளை ஏற்பிகளை ஆராயப் போவதாகச் சொல்கிறாள். ஊருக்கு என்ன பதில் சொல்வது?
– நெசவாளர் ஒருவர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

மருந்தாய்வு என்றே தயங்காமல் சொல்லலாம். ஏற்பி என்பது, உயிரணுவின் மேற்பரப்பில் இருந்து, தனக்குப் பொருந்தும் வேதிப்பொருளின் செய்தியை உள்ளே கடத்தும் புரதம். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருளைத் தூய நிலையில் பிரித்து, அதன் அமைப்பை 1964-இல் சக ஆய்வாளருடன் வெளியிட்டவர் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம். 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் அவருடைய மாணவர் வில்லியம் டிவேனும் எலி மூளையில் அதற்கான ஏற்பியைக் கண்டறிந்தபின், டிவேன் சேர்ந்துகொண்ட மெக்கூலமின் ஜெருசலேம் ஆய்வகம், மூளை தானே உண்டாக்கி அந்த ஏற்பிக்கு அனுப்பும் ஆனந்தமைடு என்னும் பொருளை 1992-இல் அடையாளம் கண்டது. வலி, பசி, குமட்டல் ஆகியவற்றுக்கான மருந்தாய்வில் இது அரிய திருப்பம். இந்தியாவிலும் ஜம்முவிலுள்ள சிஎஸ்ஐஆர் நிறுவனம் கஞ்சா சார்ந்த மருந்தாய்வை நடத்துகிறது. தங்கள் மகள் ஜிபேட் தேர்வெழுதி, எம்.பார்ம் படிப்பில் மருந்தியலை எடுக்கட்டும்.